முதல் கையெழுத்து

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பர் படித்து முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை மகள் தன் பிள்ளையோடு வந்தாள். பையன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், கபடி ஆடுகிறான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் பதினோரு பக்கம், எல்லாம் ஆங்கிலம்.

"மாமா, நீங்கதான் ஆபீஸ் காயிதமெல்லாம் பாத்தவரு. இத கொஞ்சம் பாருங்க. தனியார் டீம் ஒண்ணு இவனை எடுத்துக்கிறாங்களாம். நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுத் தரணுமாம்" என்றாள்.

பையன் குறுக்கிட்டான். "படிக்கலாம் வேணாம் தாத்தா. எங்க எங்க கையெழுத்துன்னு மட்டும் பென்சில்ல புள்ளி வெச்சுக் குடுங்க, போதும்."

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். சொல்வதற்குப் பக்கத்தில் ஒரு தாத்தா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்று ராத்திரி அந்தப் பதினோரு பக்கத்தையும் மூன்று முறை படித்தேன். படிக்கும்போது நினைவுக்கு வந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்டக்காரப் பிள்ளைகள் போடும் முதல் கையெழுத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது நண்பர்களே.

படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். எங்கள் வாத்தியார் ஒருவர், பத்திரம் எழுதும் முறையைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு வழக்கத்தைச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் ஒப்பந்தத்தில் வெறுமனே கையெழுத்துப் போட மாட்டார்கள். அதற்கு மேலே தன் கையாலேயே "லு எ அப்ரூவே" என்று எழுதுவார்கள். "படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்று அர்த்தம். "இதிலே அப்ரூவே பெரிய விஷயம் இல்லை, லுதான் பெரிய விஷயம்" என்பார் வாத்தியார்.

கையெழுத்தின் கனம் புதுச்சேரிக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது. 1956 மே 28-ல் இரண்டு அரசுகளும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஆனால் அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்றால், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் இந்தியர். எங்கள் தெருவிலேயே அண்ணன் கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுக்காரர் ஆனார், தம்பி போடாமல் இந்தியர் ஆனார். என் அப்பா போடவில்லை. அதனால்தான் நான் இன்று அரக்கோணத்தில் உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த நான் 1970-ல் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அப்போது எனக்கு இருபது வயது. கல்லூரி கால்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தேன். வெளியூரில் ஒரு தனியார் மில்லுக்குச் சொந்தமாக அணி இருந்தது. ஒரு போட்டியில் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். ஆபீசில் ஒரு சின்ன வேலை, சாயங்காலம் ஆட்டம், மாதச் சம்பளம். மேஜை மேல் இரண்டு தாள் வைத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. நான் பிரெஞ்சு படித்தவன், அந்த ஆங்கிலம் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டாவது மாதம் மழை மைதானத்தில் வழுக்கி முழங்கால் திரும்பியது. ஆறு வாரம் படுக்கை. எழுந்து போனபோது பதினைந்து நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்துக் கணக்கு முடித்துவிட்டார்கள். "ஆட முடியாவிட்டால் வேலையும் இல்லை" என்று இரண்டாவது பக்கத்தில் இருந்ததாம். கீழே என் கையெழுத்து, அழகாக, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துச் சாய்வு எழுத்தில். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள்.

பிறகு அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆங்கிலம் படித்தேன். தேர்வு எழுதி 1973-ல் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஆனேன். அன்று முதல் கூரியர் பையன் நீட்டும் சீட்டைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டில் இதை வைத்துக் கேலி செய்வார்கள்.

ஆர்டர் கையில் வந்த காலம்

என் வேலை பெரும்பாலும் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில். புதிதாக வருகிறவனுக்குப் பணிப்பதிவேடு திறப்பது, முதல் பக்கத்தில் கையெழுத்தும் விரல் ரேகையும் வாங்குவது, பணியேற்பு அறிக்கையை ஃபைலில் சேர்ப்பது. நூற்றுக்கணக்கான முதல் கையெழுத்துகளை என் மேஜையில் பார்த்திருக்கிறேன். சிலர் கை நடுங்கும். சிலர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

அதில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர்களும் உண்டு. தேர்ந்த விளையாட்டு வீரர்களை வழக்கமான தேர்வு முறையைத் தளர்த்தி, அந்த நாள் குரூப் சி, குரூப் டி பதவிகளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு 1980-ல் விரிவான ஆணை ஒன்று போட்டது. ரயில்வேயில் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கும் பழக்கம் அதற்கும் முன்னாலிருந்தே உண்டு. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஸ்டேட் வங்கி, காவல்துறை. நம் ஊர்ப்பக்கம் கல்லூரியில் வாலிபால், ஹாக்கி, கபடி ஆடிய பிள்ளைகளுக்கு இவைதான் கனவு. அரக்கோணம் ரயில்வே ஊர் என்பதால் இங்கே இதை விளக்க வேண்டியதில்லை. மைதானத்தில் நன்றாக ஆடுகிற பையனைப் பார்த்தால் பெரியவர்கள் கேட்கும் கேள்வி, "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல அப்ளை பண்ணிட்டியா?" என்பதுதான்.

அதாவது, நம் பக்கத்தில் ஆட்டக்காரனின் முதல் ஒப்பந்தம் என்பது பணி நியமன ஆணை. அதில் பெரிய பணம் இல்லை. ஆனால் முழங்கால் போனாலும் வேலை போகாது. முப்பது வயதில் ஆட்டம் முடிந்தால் ஆபீசில் உட்காரலாம், பென்ஷன் உண்டு. 1970-ல் எனக்குக் கிடைக்காதது இதுதான்.

இந்த வழியில் வந்தவர்களில் நாடே அறிந்தவர் தோனி. 2001 முதல் 2003 வரை கரக்பூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்ற அதே மனிதரைத்தான், 2008 பிப்ரவரி 20-ல் மும்பையில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை அணி 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த நாள் கணக்கில் சுமார் 6 கோடி ரூபாய். அன்றைய ஏலத்தில் அதுதான் உச்சத் தொகை.

2008

என்னைக் கேட்டால் இந்திய ஆட்டக்காரனின் முதல் கையெழுத்து மாறிய வருடம் இந்த 2008தான். அந்த ஒரே வருடத்தில் மூன்று விதமான கையெழுத்துகள் விழுந்தன.

ஒன்று, மேலே சொன்ன ஏலம். ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களுக்கு.

இரண்டாவது, பெயர் வாங்காத பிள்ளைகளுக்கு. 2008 மார்ச் 2-ல் கோலாலம்பூரில் நம் 19 வயதுக்குட்பட்டோர் அணி உலகக் கோப்பையை வென்றது. அந்தப் பிள்ளைகளை ஏலத்தில் விடாமல், அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்தன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். எங்கள் ஆபீசில் டிராஃப்ட் என்றால் மேலதிகாரியின் ஒப்புதலுக்கு வைக்கும் வரைவுக் கடிதம். அவர் சிவப்பு மசியில் அடித்துத் திருப்பி அனுப்புவார். இங்கே மனுஷனையே டிராஃப்ட்டில் வைக்கிறார்கள். முதல் முறை டெல்லிக்கு. அவர்களிடம் மட்டையாளர்கள் ஏற்கெனவே இருந்ததால் பிரதீப் சங்வான் என்ற பந்துவீச்சாளரை எடுத்தார்கள். அடுத்து பெங்களூர், அந்த அணியின் கேப்டன் விராட் கோலியை எடுத்தது. கோலி டெல்லிப் பையன்! சொந்த ஊர் விட்டுவிட்டது. யார் எங்கே போவது என்பதில் அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சே இல்லை.

மூன்றாவது கையெழுத்தைத்தான் நம்மில் பலர் கவனிக்கவில்லை. 2008 நவம்பர் 24. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் என்ற பேஸ்பால் அணியோடு இரண்டு இந்தியப் பிள்ளைகள் ஒப்பந்தம் செய்தார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல். ஒருவர் உத்தரப்பிரதேசத்தின் பதோஹிப் பக்கம், இன்னொருவர் வாரணாசிப் பக்கம். இருவரும் லக்னோவில் குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். ரிங்குவின் அப்பா லாரி ஓட்டுநர், வீட்டில் ஒன்பது பிள்ளைகள்.

ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஏஜெண்டுக்கு ஒரு யோசனை. கிரிக்கெட் பைத்தியம் பிடித்த இந்தியாவில் வேகமாகப் பந்து எறியக்கூடிய கை ஒன்றாவது இருக்காதா? 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று தொலைக்காட்சிப் போட்டி வைத்தார். ஊர் ஊராகப் போனார்கள். 37,000 பேருக்கு மேல் வந்து எறிந்தார்கள். வேகமும் வேண்டும், குறியும் வேண்டும். கடைசியில் ஜெயித்தது கிரிக்கெட்டுக்காரன் இல்லை, ஈட்டி எறிகிற ரிங்கு. ஒரு லட்சம் டாலர் பரிசு. தினேஷ் இரண்டாவது.

இருவரும் அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதில்லை. நம் வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தோலைப் பற்றிச் சொன்னால் ஆர்வம் வரும் என்பதால் ஒரு வார்த்தை: அந்தப் பந்தின் மேலுறை 1974 வரை குதிரைத் தோல், பிறகு மாட்டுத் தோல். வெள்ளைத் தோலின் மேல் சிவப்பு நூலால் கைத்தையல், சரியாக 108 இரட்டைத் தையல். கிரிக்கெட் பந்தைப் போலத் தரையில் குத்தி எழும்ப விடாமல் நேராக எறிய வேண்டும். முழங்கையை மடக்கி எறியலாம். ஈட்டி எறிகிறவனின் தோளுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

2008 நடுவில் இருவரையும் லாஸ் ஏஞ்சல்ஸ் அழைத்துப் போனார்கள். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளர். பந்து எறியவும் கற்றார்கள், கையுறையில் பிடிக்கவும் கற்றார்கள், கூடவே ஆங்கிலமும் கற்றார்கள். சில மாதப் பயிற்சிக்குப் பின் அணிகளின் தேர்வாளர்கள் முன்னால் எறிந்து காட்டினார்கள். பிட்ஸ்பர்க் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை அணி ஒன்று இந்தியர்களோடு ஒப்பந்தம் செய்தது அதுதான் முதல் முறை.

அந்தக் காட்சியை நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. இந்தி பேசி வளர்ந்த இரண்டு கிராமத்துப் பிள்ளைகள். ஆங்கிலம் கற்க ஆரம்பித்து சில மாதங்கள். எதிரே அமெரிக்க வக்கீல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுக் காகிதம். 1970-ல் நான் ஆட்டிய தலை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் எப்படி

ரிங்குவும் தினேஷும் டிராஃப்ட் வழியாகப் போகவில்லை. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரீக்கோவில் வசிப்பவர்களுக்குத்தான் அந்த முறை. வெளிநாட்டுக்காரன் எந்த அணியோடும் நேராகப் பேசலாம். ஆனால் அங்கே கல்லூரிப் பிள்ளைகளுக்கு டிராஃப்ட் ஒரு திருவிழா.

1965 ஜூனில் அது தொடங்கியது. முதன்முதலில் பெயர் வாசிக்கப்பட்டவர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ரிக் மண்டே. முந்தைய வருடம் பின்தங்கிய அணிகளுக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு என்பது மூலக் கருத்து, இப்போது குலுக்கலும் சேர்ந்திருக்கிறது. ஒருவனை ஓர் அணி தேர்ந்தெடுத்துவிட்டால் அவன் வேறு அணியோடு பேரம் பேச முடியாது. பல அணிகள் போட்டி போட்டு விலையை ஏற்றுவதைத் தடுப்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று.

அப்படியானால் பையன் கையில் என்ன துருப்பு இருக்கிறது? கல்லூரிதான். மூன்றாம் ஆண்டு முடித்தவன், "தொகை போதாது, நான் நாலாவது வருடம் படிக்கப் போகிறேன்" என்று சொல்லலாம். அடுத்த வருடம் மறுபடி டிராஃப்ட்டுக்கு வரலாம். அதனால் அவனுக்குக் கையெழுத்துத் தொகையை ஏற்றிக் கொடுப்பார்கள். நாலாவது வருடமும் முடித்தவனுக்குத் திரும்பிப் போக இடமில்லை. அதே திறமை இருந்தாலும் பல பேர் மிகக் குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். எழுந்து போகக்கூடியவனுக்கு ஒரு விலை, போக முடியாதவனுக்கு ஒரு விலை. மாட்டுச் சந்தையிலும் இதுதானே கணக்கு?

உச்சத்தில் இருப்பவர்களுக்கு எங்கேயோ போய்விட்டது. 2023-ல் அதே பிட்ஸ்பர்க் அணி, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் ஸ்கீன்ஸ் என்ற பிள்ளைக்குக் கையெழுத்துத் தொகையாகக் கொடுத்தது 92 லட்சம் டாலர். டிராஃப்ட்டில் அதுவரை யாரும் வாங்காத தொகை. ஆனால் அதே காலத்தில் அடிமட்டத்தில் ஆடியவர்களின் நிலை வேறு. ரிங்குவும் தினேஷும் தொடங்கியதைப் போன்ற ஆரம்பநிலை லீக்கில் வருடச் சம்பளம் 4,800 டாலர்தான். 2022-ல் சங்கம் சேர்ந்த பிறகு, 2023-ல் முதல் கூட்டு ஒப்பந்தம் போட்டு அதை 19,800 ஆக்கினார்கள். சங்கம் என்றால் என்ன என்று ரயில்வே ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தைவிட முக்கியம், எத்தனை வருடம் கட்டிப்போடுகிறது என்பது. பேஸ்பாலில் 1879-ல் ஆரம்பித்த ஒரு ஷரத்து உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அதே அணிக்குத்தான் சொந்தம், அணியாக விட்டால்தான் விடுதலை. ஒருமுறை கையெழுத்துப் போட்டால் ஆயுளுக்கும் போட்ட மாதிரி. 1969-ல் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரரை, அவரைக் கேட்காமலேயே செயின்ட் லூயிஸ் அணி பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்து வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். அதற்கு முன்பே அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோயிருந்தது. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் வேறு இரண்டு வீரர்கள் தொடர்பாகக் கொடுத்த தீர்ப்பில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஃபிளட் பாதை போட்டார், அதில் நடந்தவர்கள் வேறு பேர்.

இன்னொரு ஷரத்தைப் படித்தபோது எனக்கு மனது நிறைந்தது. அங்கே படிப்பை நடுவில் விட்டுவிட்டு வரும் பிள்ளை, மீதிக் கல்லூரிப் படிப்புச் செலவை அணியே ஏற்க வேண்டும் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். பெரிய மேடைக்குப் போய்ச் சேருகிறவர்கள் சிலர்தான் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

கையெழுத்துக்குப் பின்

ரிங்குவும் தினேஷும் 2009 ஜூலையில் ஃபுளோரிடாவில் ஆட இறங்கினார்கள். ஜூலை 13-ல் ஒரு ஆட்டத்தின் வெற்றி ரிங்குவின் பெயரில் எழுதப்பட்டது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் வெற்றிக் கணக்கு பெற்ற முதல் இந்தியர் அவர். 2010 கடைசியில் தினேஷை அணி விடுவித்தது. ஒப்பந்தம் போட்டு இரண்டு வருடம். ரிங்கு இன்னும் சில பருவங்கள் நின்றார், காயங்கள் துரத்தின, பெரிய லீக் வரை போக முடியவில்லை. 2018-ல் மல்யுத்தக் காட்சி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் சேர்ந்தார். நீளமான தலைமுடியோடு வீர் மகான் என்ற பெயரில் தொலைக்காட்சியில் வந்தாரே, அவர்தான் இவர். 2014-ல் டிஸ்னி நிறுவனம் இவர்கள் கதையைப் படமாக எடுத்தது. படம் கையெழுத்தோடு முடிந்துவிடும். வாழ்க்கை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொரு ஈட்டிக்காரரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நீரஜ் சோப்ரா. 2016-ல் இளையோர் உலக சாதனை படைத்தார். அதே வருடம் ராணுவத்தில் நாயிப் சுபேதார் ஆனார். நம் பழைய வழிதான், கையில் ஆர்டர். சம்பளம் மாதாமாதம் வரும், காயம் பட்டால் பார்த்துக்கொள்ள ராணுவம் உண்டு. 2019-ல் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு அந்தப் பருவத்தையே தவறவிட்டார். 2021 ஆகஸ்ட் 7-ல் டோக்கியோவில் தங்கம். ஆர்டர் இருந்ததால்தான் தங்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காயத்தோடு படுத்திருந்தபோது வேலை போய்விடுமோ என்ற கவலை அவருக்கு இருந்திருக்காது. அந்தக் கவலையை நான் பட்டவன்.

புதிய வழியைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை 10 லட்சம். கூலி வேலை பார்த்துப் பிள்ளை வளர்த்த குடும்பம் அது. எந்த ஆபீஸ் ஆர்டர் அதைக் கொடுத்திருக்கும்? கட்டிடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தியை 2018 டிசம்பரில் 20 லட்சத்தில் ஆரம்பித்து 8.4 கோடிக்கு எடுத்தார்கள். ஆனால் அடுத்த சீசனில் அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அணி விட்டுவிட்டது. வேறு அணி எடுத்து, பிறகு இந்தியாவுக்கே ஆடினார்.

ரவீந்திர ஜடேஜாவின் கதையும் உண்டு. அவரும் 2008-ன் அந்த இளைஞர் அணிப் பிள்ளைதான், ராஜஸ்தானுக்காக ஆடினார். பிறகு விதிக்குப் புறம்பாக வேறு அணியோடு பேச்சு நடத்தினார் என்று 2010 சீசன் முழுவதும் அவரைத் தடை செய்தார்கள். இருபத்தோரு வயதில் ஒரு வருடம் வெளியே. எல்லாம் காகிதத்தில் இருந்தது. அந்த வயதில் யார் காகிதத்தைப் பார்க்கிறார்கள்?

பதினோரு பக்கம்

இப்போது நம் வீட்டுக் காகிதத்துக்கு வருகிறேன். அணியின் பெயர் வேண்டாம். கெட்ட ஒப்பந்தம் என்றும் சொல்ல மாட்டேன். நான்கு இடத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டேன்.

ஒன்று, மூன்று வருடம் வேறு அணிக்கு ஆடக்கூடாது. ஆனால் அணி நினைத்தால் முப்பது நாள் நோட்டீஸில் விட்டுவிடலாம். இரண்டு, காயம் பட்டால் சிகிச்சை "அணியின் விருப்பப்படி". இந்த இடத்தில் என் முழங்கால் தானாக வலித்தது. மூன்று, பயிற்சி நாட்கள் கல்லூரித் தேர்வு நாட்களோடு மோதினால் என்ன என்று ஒரு வரிகூட இல்லை. நான்கு, தொகை எவ்வளவு என்று இருந்தது, எந்தத் தேதியில் என்று இல்லை.

காலையில் பையனை உட்கார வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னேன். முதல் பக்கத்தில் கொட்டாவி விட்டான். ஆறாவது பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இதலாம் கேட்டா வேணான்னு வேற ஆளை எடுத்துடுவாங்க தாத்தா."

"எடுத்துக்கலாம்டா. ஆனா உனக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கு. எழுந்து போக எடம் இருக்கறவன் கேக்கலாம். போன வருஷம் கேக்கலாம், இந்த வருஷமும் கேக்கலாம். படிப்பை விட்டுட்டு வந்தா அடுத்த வருஷம் கேக்க முடியாது."

அவனே போன் செய்து பேசினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் இழுத்தது. அவன் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. "கிடைச்சதைக் கெடுத்துட்டீங்களோ மாமா" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். எனக்கும் தூக்கம் வரவில்லை. நம் பயத்தைச் சின்னப் பிள்ளை தலையில் கட்டிவிட்டோமோ என்று பயம்.

பதினோராவது நாள் திருத்திய தாள் வந்தது. தேர்வு நாட்களுக்கு விடுப்பு, சரி. தொகைக்குத் தேதி, சரி. ஆட்டத்திலும் பயிற்சியிலும் படும் காயத்துக்கு மூன்று மாதம் வரை சிகிச்சையும் சம்பளமும், சரி. மூன்று வருடக் கட்டு மட்டும் அப்படியே இருந்தது. அதை மாற்ற மாட்டார்களாம். "பரவாயில்ல தாத்தா, தெரிஞ்சேதான் போடறேன்" என்றான். அந்தத் "தெரிஞ்சே" என்ற சொல் எனக்குப் போதும்.

என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டான். போடும் முன், மேலே ஒரு வரி எழுதச் சொன்னேன். எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுதினான். "படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்." பதினோரு பக்க ஆங்கிலத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி தமிழ்.

அடுத்த வாரம் பயிற்சிக்குக் கிளம்பினான். ஸ்டேஷனுக்கு நானும் போனேன். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாக, "தாத்தா, செமஸ்டர் பீஸ் கட்டியாச்சு" என்று கத்தினான். வலது முழங்கால் வழக்கம்போல் வலித்தது. படிக்கட்டு வேண்டாம் என்று சாய்தளம் வழியாக மெதுவாக வீட்டுக்கு நடந்து வந்தேன்.

உங்கள் முதல் கையெழுத்து எதில் விழுந்தது நண்பர்களே? படித்துப் போட்டீர்களா, பார்த்துப் போட்டீர்களா? நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள்.